அலாரம் பற்றிய குறிப்பு

ஒன்பது கேம் முடிந்திருந்தது. பத்தாவதுதான் பாக்கி.

எங்கள் பத்திரிகை மாதம் ஒரு பட்டியல் போடும். கதையோடு கூடிய சிமுலேஷன் கேம்கள், வயது வந்தோருக்கு மட்டும். அந்தக் கடைசி மூன்று சொற்களைப் பார்த்து வேறு எதையோ எதிர்பார்த்து வருகிறவர்கள் உண்டு. பத்து கேமையும் ஆடிவிட்டேன், ஒருத்தரும் சட்டையைக்கூடக் கழற்றவில்லையே என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பக்கம் கட்டும் லேஅவுட் அக்கா அந்தக் கடிதத்தைத் தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார்.

நாங்கள் தேடுவது வேறு. சிறையிலிருந்து வந்தவன் வீடு தேடி அலைவது. குடியை விடப் பார்க்கும் டிரைவரின் ஒரு வாரம். படுத்த படுக்கையான அப்பாவுக்கு மகள் டயப்பர் மாற்றுவது. பிள்ளைகளிடம் கொடுக்க முடியாதவை. பெரியவர்களே பாதியில் மூடிவிடுபவை.

வேலை முறை எளிது. ஒருவர் விளையாடுவார், மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். விளையாடுகிறவர் வாயை மூடக் கூடாது. நிஜத்தோடு ஒட்டாத இடம் வந்தால் தனித்தாளில் குறிக்க வேண்டும். எதிரே ‘ஆதாரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அது நிரம்பாத குறிப்பு அச்சுக்குப் போகாது. பட்டியலில் ஒரு கேம் சேர இருவர் கையெழுத்தும் வேண்டும்.

எழுதுகிறவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். ஆசிரியரும் அவர்தான். வேலையும் கல்யாணமும் அவர் மூலமாக வந்தவை. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கென்று வேறு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டில் சாப்பிடுகிறேன். அன்று மட்டும்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

மணி மூன்று. ஐந்துக்குப் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

“சிறைச் சமையலறையையே போட்டுடலாமே மச்சான்” என்றேன். மாற்றாக இருக்கட்டும் என்று போன வாரமே இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த கேம் அது.

“ரெண்டு மணி நேரம் வெங்காயம் நறுக்குறோம் மாப்ள. கதை எங்கன்னு கேட்டா சட்டிக்கு அடியில இருக்குங்கிற. இத ஆடு.”

இது என்று அவர் சொன்னது ‘பார்வையாளர் நேரம்’. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு மேஜை. நாம் அந்த மேஜையில் இருக்கும் ஊழியர். உறவினர்களிடம் பேச வேண்டும், உட்கார வைக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். காலையில் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்ததும் அதைத் தாள்களுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தேன்.

மச்சானுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவள் இறந்த அன்று அவர் வெளியூரில் இருந்தார். இரண்டு மணிக்கு வண்டியிலிருந்து போன் செய்தார். இன்னும் இரண்டு மணி நேரம், வந்துவிடுகிறேன் என்றார். காத்திருக்கிறோம் என்றேன். போனை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது அவள் விட்ட மூச்சு இல்லை. மெஷின் விட்டது. இனி ஒன்றும் இல்லை, நீங்கள் எப்போது சொல்கிறீர்களோ அப்போது நிறுத்தலாம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வேறு காரணம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் வந்ததும், இதயம் தானாக நின்றுவிட்டது என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மவுஸைப் பிடித்தேன். திரையில் தெரிவதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று அத்தியாயம் அப்படியே போனது. மேஜையில் பேனாவை நூலால் கட்டியிருக்கிறார்கள் என்றேன். நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைந்தவை என்றேன். வந்தவர் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்பதுதான், அது நன்றாக இருக்கிறது என்றேன். மச்சான் எழுதிக்கொண்டே வந்தார். ஒருமுறை நிமிர்ந்து, ஏன் ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாய் என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன்.

நான்காவது அத்தியாயம். படுக்கையில் ஒரு வயதான அம்மா. மகள் வருகிறாள். மெஷினை நிறுத்துவதற்கான ஒப்புதல் தாளை அவளிடம் நீட்ட வேண்டும். நீட்டினேன். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சரியாகத்தான் செய்திருந்தார்கள். டாக்டர் உள்ளே போனார், மெஷினின் பொத்தானை அழுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து அலாரம் நீளமாக அலறியது.

“இது தப்பு” என்றேன். “அலாரத்த முன்னாடியே நிறுத்திடுவாங்க. அப்புறம்தான் மெஷினையே தொடுவாங்க.”

நான்கு வருடப் பழக்கம். தப்பைக் கண்டால் வாய் முந்திக்கொள்ளும். அவருக்கும் பழக்கம்தான். தனித்தாளை இழுத்தார். ‘அலாரம்: தவறு. முன்பே நிறுத்தப்படும்’ என்று கோணாமல் எழுதினார். பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

“ஆதாரம்?” என்றார், தாளைப் பார்த்தபடியே.

படித்தேன் என்று சொல்லலாம். எதில் என்பார். தெரிந்த நர்ஸ் ஒருவர் சொன்னார் என்று சொல்லலாம். நம்பர் கேட்பார், கேட்டு இப்போதே போன் செய்வார். விளையாடுகிறவர் பேசாமல் இருக்கக் கூடாது. அலாரம் கத்திக்கொண்டிருந்தது.

மச்சான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார்.

“தானா நின்னுடுச்சுன்ன.”

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவை அதன் மேல் வைத்தார்.

“நீயே எழுது.”

எழுதினேன். ‘நேரில் பார்த்தது. ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. பிற்பகல் இரண்டு இருபத்தைந்து.’ கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசிச் சொல் ஓரத்துக்குப் போனது.

அவர் படிக்க வெகுநேரம் ஆனது.

“ரெண்டு மணிக்கு நான் போன் பண்ணேன்.”

“ஆமா.”

“காத்திருக்கோம்ன.”

“ஆமா மச்சான்.”

“வழியில எங்கயும் நிறுத்தல நான். ஒண்ணுக்குக்கூட நிறுத்தல.”

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் எழுந்தார்.

“நான் வர்ற வரைக்கும் இரு” என்றார். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. தெருக்கதவு திறந்து மூடியது.

மீதி அத்தியாயங்களை ஆடி முடித்தேன். தனியாக, வாய்விட்டுச் சொல்லி, நானே எழுதி. நல்ல கேம். பட்டியலில் வர வேண்டியது. என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் லேஅவுட் அக்கா வந்து நின்றார். மச்சான் போன் மேஜையிலேயே கிடப்பதைப் பார்த்தார்.

“ஒரு கையெழுத்துதானே தம்பி, நீயே கிறுக்கிடு. அவரோடது கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கும், யாரு கண்டா.”

“அவர் வரட்டும்க்கா.”

“அப்ப அந்த வெங்காயத்த வச்சுடவா? ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு.”

“வேணாம்க்கா. இருப்போம்.”

என் முகத்தில் என்ன கண்டாரோ, மேற்கொண்டு கேட்கவில்லை. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் பத்து நிமிடம் என்றார். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. ஐந்தரை ஆயிற்று. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் தகரக் கூரையில் வெயில் மெல்ல விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வராமலேகூடப் போகலாம் என்று தோன்றியது. அப்படியும் இருந்தேன்.

ஆறாகப் பத்து நிமிடம் இருந்தபோது படியில் சத்தம் கேட்டது. மச்சானின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது, எங்கோ முகம் கழுவியிருக்கிறார். உட்காரவில்லை. நின்றபடியே தாள்களை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். ஓர் இடத்தில் நான் எழுதியிருந்த ‘போலும்’ என்பதை அடித்தார். அலாரம் பற்றிய குறிப்பு வந்ததும் நின்றார்.

“முன்னாடியே நிறுத்திட்டாங்கதானே? சத்தம் இல்லையே?”

“இல்ல மச்சான். நிசப்தமா இருந்துச்சு.”

தலையை ஆட்டினார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் போட்டார். வழக்கத்தைவிட அழுத்தமாக. அக்கா தாளை உருவிக்கொண்டு ஓடினார்.

மச்சான் பையைத் தோளில் மாட்டினார். கதவருகே திரும்பினார்.

“ஞாயித்துக்கிழமை” என்று ஆரம்பித்தார்.

காத்திருந்தேன். அவர் முடிக்கவில்லை. படியிறங்கிப் போனார்.