குறைந்த ரன்

கிளியனூர் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் மரக்காணம் பெண்கள் அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது. திரும்பி வரும் வேனில், கடைசிப் பந்தில் அவுட்டான சந்தியாவை எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். அவள் அழுதுகொண்டே வந்தாள்.

கேப்டன் பூவிழி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆட்டத்தின் நடுவில் ஒரு ஓவரில், மட்டையைக் கோட்டுக்குள் வைக்காமலே பூவிழி திரும்பி ஓடியதால் அம்பயர் ஒரு ரன்னைக் குறைத்திருந்தார். அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஊர் நெருங்கி, உப்பளம் கண்ணில் பட்ட பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அவள விடுங்கடி. ஷார்ட் ரன் ஓடுனது நான். அதுலதான் தோத்தோம்."



"இத ஏறினப்பவே சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் சந்தியா.

மறுநாள் பயிற்சிக்கு சந்தியா வரவில்லை. பூவிழி மண்ணில் கோடு கிழித்து, மற்றவர்களை ஓடவிட்டு, தானும் கோட்டைத் தொட்டுத் தொட்டு ஓடினாள். யாரும் அவளோடு பேசவில்லை.