அசிங்கம் என்று எடுத்த செய்தி

நாற்பது ஆண்டுப் பத்திரிகைகளைக் கணினிக்குள் கொட்டி, மாதவிடாய் என்ற சொல் எங்கே வருகிறது, அதன் பக்கத்தில் வேறு எந்தச் சொற்கள் வருகின்றன என்று தேடினாள் ஆய்வுக்காரி. வேறு பெயர்களிலும் தேடிப் பார்த்தாள். ஊஹூம், ஒன்றும் சிக்கவில்லை. பாவிகள், வாயே திறக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பத்திரிகைகளின் மௌனம் என்று தலைப்புப் போட்டுக் கட்டுரையும் எழுதிவிட்டாள். மறுநாள் அதைப் பேராசிரியர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். அது தேறினால்தான் வேலை நிலைக்கும்.

சும்மா திரையில் காட்டலாமே என்று பழைய பக்கம் ஒன்றின் படத்தைத் திறந்தாள். நூற்பாலைப் பெண்கள், மாதவிடாய் நாட்களில் துணி மாற்றக் கதவுள்ள அறை ஒன்று கேட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில். படத்தைப் பார்த்து அடித்த கணினி எழுத்தில் அந்தச் செய்தியே இல்லை. வேறு பக்கங்களிலும் இதே லட்சணம்தான்.

அந்தப் படங்களை எழுத்தாக்கும் கூடத்துக்கு விடுவிடுவென்று போனாள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் மறைக்கவே இல்லை, பெருமையாகச் சொன்னார்.

"அசிங்கமானதையெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டேம்மா. பொம்பளைப் பிள்ளைங்க உக்காந்து வேலை பாக்குற இடமில்லையா?"

வெட்டுக்குத்தும் கற்பழிப்பும் வரி விடாமல் இருக்கின்றனவே என்றாள். அது செய்தி என்றார். அந்த மூஞ்சியில் காறித் துப்பலாம்போல இருந்தது. கட்டுரைதான் முடிந்துவிட்டதே, அப்படியே வாசித்துவிடுங்கள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று புத்தி வேறு சொன்னார். ஒரு கணம் அவளும் அதை நினைத்துப் பார்த்தாள். சீ, என்ன பிழைப்பு என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நூற்பாலை மாதவிடாய்ச் செய்தியை எடுத்தது யார் என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்டாள். மூலையில் இருந்த பெண் எழுந்தாள்.

"நான்தான்க்கா எடுத்தேன். எடுத்த அன்னிக்கு எனக்கும் அதான். இங்க மாத்த எடமில்ல. காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு வீட்டுக்குப் போனேன்."

அந்தப் பெண் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கவில்லை. உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, செய்தியை முதல் வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். ஆய்வுக்காரி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் கட்டுரையைத் திறந்து தலைப்பை அழித்தாள்.