வலப்பக்கப் பூ

பிள்ளை வரம் கேட்கத்தான் போகிறோம் என்று மலர்கொடி நம்பினாள். வேப்பந்தட்டையில் மாமியாரோடு பஸ் ஏறி, மாவிளக்கைச் சுமந்துகொண்டு வெறுங்காலோடு பச்சைமலை அம்மனிடம் வந்து சேர்ந்தாள்.

பூசாரி அம்மனின் தோள்களில் இரண்டு பூக்களை வைத்தார். கேட்பதை மனதுக்குள் கேட்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. மாமியார் கண்ணை மூடிக் கேட்டாள்.

"வலது விழணும் தாயே!" மலர்கொடி வாய்விட்டே கதறினாள். வலதுதான் விழுந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை பொங்கியது.

மாமியார் அங்கேயே மகனுக்குப் போன் போட்டாள். "காசி, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. அந்த தா.பழூர்ப் பொண்ணையே ஒனக்கு ரெண்டாந்தாரமா முடிச்சிரலாம்."

மலர்கொடி மாவிளக்குத் தட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்குடி மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?" என்றாள் மாமியார். "நீயும்தான வேண்டிக்கிட்ட?"