சீட்டை இறக்கியது யார்

அன்பரசனின் கியர் சைக்கிளில், வாங்கியபோது இருந்தது என்று சொல்ல இப்போது பிரேம் மட்டும்தான் மிச்சம். கல்லூரி முடித்த வருடம் மதுரையில் பழையதாக வாங்கிய மவுண்டன் பைக் அது. அதன் பிறகு சக்கரங்கள் மாறின, பிரேக் மாறியது, பின்பக்கப் பல்சக்கரம் பெரிதானது. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பும் சூப்பர்வைசர் அவன். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவான்.

அவன் மனைவி வேல்விழிக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆகாது.

"மட்கார்டையாவது மாட்டுங்க. சட்டை முதுகெல்லாம் சேறா வருது. தொவைக்கிறது நானு" என்பாள்.

"மட்கார்டு போட்டா நம்ம கரிசக்காட்டுல ஓட்ட முடியாது" என்பான் அவன். அதை அவள் சாக்குப்போக்கு என்றே நினைத்திருந்தாள்.

கார்த்திகை மழை பிடித்த வாரம், அன்பரசன் மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு காரியாபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். வேல்விழிக்குத் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிற வேலை. முதல் தாளில் கலர் பார்த்து அவள் சரி சொன்னால்தான் மிஷின் ஓடும். அன்று காலையில் அவளுடைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை. ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் நின்றதால் பஸ்ஸும் வரவில்லை. அச்சகத்திலிருந்து பானுப்பிரியா போன் மேல் போன் போட்டாள்.

"அக்கா, மிஷினு சும்மா நிக்கிது. மொதலாளி ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரு."

வேல்விழி சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளோடு அவள் ஓட்டுவதை நிறுத்தியிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சீட்டைக் கால் எட்டுகிற அளவுக்கு இறக்கினாள். ஏறிவிட்டாள்.

பாலத்தைச் சுற்றிக் கண்மாய்க் கரை வழியாகத்தான் போக முடியும். கரை மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்தவள், எதற்கும் பார்ப்போமே என்று கட்டைவிரலால் கியரைத் தட்டினாள். சங்கிலி கடகடவென்று இடம் மாறியது. மிதி சட்டென்று இலகுவானது. மேடு தானாகக் கீழே போவதுபோல் இருந்தது. மேலே ஏறி நின்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்க யாருமில்லை என்பதால் வாய்விட்டே சிரித்தாள்.

கரை முடிகிற இடத்தில், மொபெட்டை நிறுத்தி, மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்திருந்த கரிசல் சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார் பால்காரர் கோட்டைச்சாமி.

"ஒன் சைக்கிள்ல மட்கார்டு இல்ல. அதான் தப்பிச்ச தாயி" என்றவர் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். "இதே கணக்கா ஒண்ணு எங்க மாட்டுக் கொட்டாயில கெடக்கு. எம் மகன் ஓட்டுனது. கோழி அடையிது அதுல."

முதுகில் நீளச் சேற்றுக் கோட்டோடு அச்சகத்துக்குள் நுழைந்த வேல்விழியைப் பார்த்துப் பானுப்பிரியா சிரித்து ஓயவில்லை. மிஷின் ஓடியது.

சாயங்காலம் திரும்பி வந்த அன்பரசன் சைக்கிளருகே போய்ச் சீட்டைத் தட்டிப் பார்த்தான்.

"சீட்ட எறக்குனது யாரு?"

"நாந்தான். திருத்தங்கல் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

அவன் நம்பாமல் பார்த்தான். அவள் தன் மணிக்கட்டை நீவிக்கொண்டே சொன்னாள். "ஹேண்டில்பாரு எட்டத்துல இருக்கு. கொஞ்சம் கிட்ட வர்ற மாதிரி மாத்த முடியுமா?"

அன்றைக்கு ஆரம்பித்தது வம்பு. அவன் ஏற்றிய சீட்டை அவள் இறக்குவாள். அவள் இறக்கியதை அவன் ஏற்றுவான். இவன் கடைக்குப் போய் வருவதற்குள் அவள் சைக்கிளோடு கண்மாய்க்குப் போயிருப்பாள். கடைசியில், அவள் சொன்ன பழைய சைக்கிளைக் கேட்டு வாங்க அவனே கோட்டைச்சாமியின் கொட்டகைக்குப் போனான். கோழிகளை விரட்டி, துருப்பிடித்த அந்தச் சைக்கிளைத் தோளில் தூக்கி வந்தான்.

மிதிக்கட்டை கழலவே மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டார்கள். ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி இரண்டு பேரும் தொங்கினார்கள். படாரென்று கழன்றபோது இருவரும் மல்லாந்து விழுந்தார்கள். எதிர்வீட்டு மாடத்தி ஓடிவந்து, "அடிபட்டுருச்சா?" என்றாள். "கழண்டுருச்சுக்கா" என்றாள் வேல்விழி, தரையில் கிடந்தபடியே, மிதிக்கட்டையை உயர்த்திக் காட்டி.

தை பிறந்த முதல் ஞாயிறு காலையில் இரண்டு சைக்கிள்களும் கண்மாய்க் கரை ஏறின. பழைய பிரேமில் புதுச் சங்கிலி, தடித்த டயர், அவள் கைக்கு எட்டுகிற ஹேண்டில்பார். வேல்விழி முன்னால் போய் மேட்டில் காத்திருந்தாள். அன்பரசன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"முன் பிரேக்க மாத்திருவமா?" என்றாள்.

"ஏன், நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கட்டுமே."

அன்பரசன் செல்போனை எடுத்து மதுரைச் சைக்கிள் கடைக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.