மூன்று அறைக்கு ஒரு பெரட்டு

அட்டன் நகரில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இயங்கிய அந்த மென்பொருள் நிறுவனத்தில் மூன்று அணிகள் மூன்று அறைகளில் வேலை செய்தன. தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை இணைப்பது தர்ஷனின் அணி. கணக்கிடுவது ரிஸ்னாவின் அணி. விடையைத் தொழிலாளரின் தொலைபேசிக்கு அனுப்புவது ஸஃப்வானின் அணி. அவர்களை ஒருங்கிணைக்கவென்றே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் ஊர்மிளா. அறைதோறும் காலைக்கூட்டம் தவறாமல் நடந்தது. எல்லா அறைகளும் தம் வேலை முடிந்ததென்றே சொல்லின.

வெள்ளிக்கிழமை மூன்றையும் முதன்முறையாகப் பொருத்தினார்கள். தராசில் இருபது கிலோ வைத்தால் தொலைபேசியில் பதினாறு வந்தது.

திங்களன்று பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் வெள்ளோட்டம். பறித்த கொழுந்து கண்ணெதிரே குறைந்தால் தோட்டத்துப் பெண்கள் இக்கருவியை இனி ஒருபோதும் நம்பமாட்டார்கள். ஊர்மிளா மூன்று அணித்தலைவர்களையும் ஓர் அறைக்குள் கூப்பிட்டாள்.

“எங்கட கணக்குல பிழை இல்ல,” என்றாள் ரிஸ்னா. “சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிச்சோம். தோட்டத்து வழமதானே?”

தர்ஷன் தலையில் கைவைத்தான். “அத நாங்க தராசுலயே கழிச்சிட்டோமே!”

“சொன்னீங்களா?”

“நீங்க கேட்டீங்களா?”

“நல்லவேள,” என்றான் ஸஃப்வான், “நானும் கழிக்கப் பாத்தேன்!”

மலையில் பிறந்து வளர்ந்த மூவருக்கும் அந்த வழமை அத்துப்படி. அதனாலேயே ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை.

“பிழை என்னிலதான்,” என்றாள் ஊர்மிளா. “அறை அறையா வந்து ‘முடிஞ்சுதோ’ எண்டுதான் கேட்டனான். ஆர் எதைத் தொடுறியள் எண்டு கேக்கேல்லை.”

“தோட்டத்துல ஆள் பிரிக்கிற பெரட்டுல இப்படி நடக்காது மிஸ்,” என்றான் தர்ஷன். “எந்த கேங் எந்த மலைக்குனு காலையில எல்லார் முன்னாலயும் சொல்லித்தான் அனுப்புவாங்க. இல்லாட்டி ஒரே மலையில ரெண்டு கேங் ஏறும். பிந்தி வந்தவங்களுக்குக் காம்புதான் மிஞ்சும்.”

மறுநாள் காலை மூன்று அணிகளும் நடைவழியில் நெருக்கியடித்து நின்றன. முடித்த வேலையை எவரும் ஒப்பிக்கவில்லை. அடுத்தவர் வேலையில் தாம் எங்கே கைவைக்கிறோம் என்பதையே சொன்னார்கள். தராசிலிருந்த கழிவை நீக்கத் தர்ஷன் அரைமனத்தோடு இசைந்தான்.

“கழிச்சதத் தனியாக் காட்டணும்,” என்றான் ஸஃப்வான். “ரிஸ்னா, ரெண்டு எண்ணும் அனுப்புவீங்களா?”

“இவ்வளவு நாளும் கேக்காம இருந்தீங்களே! பகலுக்குள்ள தாறேன்.”

திங்களன்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முதலில் தன் கொழுந்தைத் தராசில் வைத்தவர் தொழிலாளி ராக்காயி. தராசையும் தொலைபேசியையும் மாறிமாறிப் பார்த்தார். நிறை இருபது, கழிவு இரண்டு, மீதி பதினெட்டு.

“சொல்லிட்டுக் கழிக்கிறாங்களே, அதுவே பெரிசு,” என்ற ராக்காயி திரும்பிக் குரல்கொடுத்தார். “அடியே வேலாயி, வாடி! ஒன்னோடதையும் வச்சுப் பாப்போம்.”