டுவேன் காட்டிய ஓடை

பத்து வாரமாக நான் மாட்டுச் சாணத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் முதுகில் பையும், கரடி வந்தால் அதன் மூஞ்சியில் பீய்ச்சும் கரடி மருந்து இடுப்பிலுமாகச் செத்தகழுதை ஓடைக்குப் போனேன். தேடியது எல்க் மானை. கண்டதெல்லாம் பண்ணைக்காரர்கள் மேய விட்ட மாடுகள்.

என் பெயர் மார்லிஸ். நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன், அதனால் கோடையில் வேலை கிடையாது. என் கணவன் டுவேன் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். செப்டம்பர் பிறந்தால் வில்லைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவான், பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். இந்த மார்ச்சில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. வலது பக்கப் பார்வையும் பாதி போயிற்று. பேச்சில் மிஞ்சியவை "காப்பி", "இல்ல", அப்புறம் கெட்ட வார்த்தைகள். கெட்ட வார்த்தைகளில் ஒன்றுகூடத் தொலையவில்லை. மிஸூலா நகர ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், இது எல்லாருக்கும் நடப்பதுதான் என்றாள்.

ஏப்ரலில் சாப்பாட்டை நிறுத்தினான். தட்டை வைத்தால் தட்டைப் பார்ப்பான், எடுத்தால் சுவரைப் பார்ப்பான். வீட்டில் இருந்த துப்பாக்கிகளை எல்லாம் என் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தம்பி ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

அந்த மாதக் கடைசியில், வேறு வழி தெரியாமல், மலையின் வரைபடத்தை அவன் முன்னால் மேசையில் விரித்தேன்.

"இந்த வருஷம் நான் போறேன்டா. வில்லோட. எங்கன்னு மட்டும் காட்டு."

மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். இடது கை விரல் தாளின் மேல் வெகுநேரம் அலைந்து, கடைசியில் செத்தகழுதை ஓடையில் போய் நின்றது.

"இங்கயா? நிஜமாவா?"

கட்டை விரலை உயர்த்தினான். அன்று சாயங்காலம் இரண்டு முட்டை சாப்பிட்டான். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். எல்க் கிடைத்தால் இவன் பிழைத்துக்கொள்வான் என்று அங்கே நின்று முடிவு செய்தேன். டாக்டர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான்.

அவன் இடம் காட்டியதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஆண்கள் மூலநோய் வரைக்கும் வெளிப்படையாகப் பேசுவார்கள், எல்க் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள். கேட்டால் வாய் கூசாமல் வேறு ஓடையின் பெயரைச் சொல்வார்கள். பெண்டாட்டிக்கும் அதே பொய்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, இனி மலை ஏறப்போவதில்லை என்று முடிவு செய்கிறவன், தனக்கு வேண்டிய ஒருவனைக் கூப்பிட்டு இடத்தைக் கொடுத்துவிடுவான். கொடுத்தபின் அதைப் பற்றிப் பேச மாட்டான். டுவேன் எனக்குக் காட்டியதை நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இரவல் கொடுக்கிறான், கை சரியானதும் வாங்கிக்கொள்வான் என்றுதான் நினைத்தேன்.

அவனுடைய வில்லை என்னால் பாதிகூட இழுக்க முடியவில்லை. பழைய வில் ஒன்றை வாங்கி, கொல்லையில் வைக்கோல் கட்டு வைத்துப் பழகினேன். இருபது கஜத்தில் ஐந்துக்கு மூன்று அம்பு கட்டில் பாய்ந்தது. மற்ற இரண்டை அடுத்த வீட்டுக் கொட்டகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவேன். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், தன் நாயை மட்டும் உள்ளே கட்டிப்போட்டார்.

ஓடையில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று மாவைத் தூவிப் பார்த்தேன். பாறை மேல் குந்தி, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எதிர்ச்சரிவைக் கண் எரிய எரியத் துழாவினேன். ஏதாவது நடமாடினால் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை மரத்தில் கட்டினேன். இரண்டு வாரத்தில் அது நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தது. அத்தனையிலும் ஒரே வெள்ளைமூஞ்சிப் பசு.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தால் டுவேன் கதவோரம் நாற்காலியில் காத்திருப்பான். இடது கையை நீட்டுவான். போனில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவேன்.

"இது எல்க் புழுக்கைதானே?"

"இல்ல."

"இது?"

"இல்ல." அப்புறம் என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. பசுவின் படங்களைப் பார்த்தபோது பாதி வாயால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் பசுவை வீட்டுக்கே கூட்டி வந்திருப்பேன்.

ஜூலையில் ஒரு நாள் ஊர் உணவுக்கடையில் காப்பி குடிக்கும்போது ஆண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"வில்லெல்லாம் வாங்கிட்டியாமே! எங்க தேடுற?"

மற்றவர்கள்போல் பொய் சொல்லத் தெரியாமல், "செத்தகழுதை ஓடை," என்றேன்.

கடையே சிரித்தது. "பாத்தியா, டுவேன் பொண்டாட்டி தேறிட்டா! கண்ண சிமிட்டாம சொல்றா பாரு!"

நானும் தேறிவிட்டவள்போலச் சிரித்து வைத்தேன். டுவேனின் நெருங்கிய சிநேகிதன் வெண்டல், டயர் கடை வைத்திருப்பவன், அவன் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனான். அவனுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில், வேட்டைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, எனக்கு ஒன்று உறைத்தது. டுவேனுக்கு வலது பக்கம் தெரியாது. தட்டில் வலது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவான். வரைபடத்தில் செத்தகழுதை ஓடை மலைமுகட்டுக்கு இடது பக்கம். வலது பக்கத்தில் பெயரே போடாத ஒரு பள்ளம் இருந்தது. பாவம், அதைக் காட்ட நினைத்து, கண் எட்டாமல், இடது பக்கத்தைக் காட்டிவிட்டான்! இதைக் கண்டுபிடித்ததற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை முகட்டைத் தாண்டினேன்.

நாலு மணி நேர ஏற்றம். அந்தப் பக்கம் இறங்கிக் கால் மணி நேரத்தில் நாற்றம் வந்தது, ஈரமும் மூத்திரமும் கலந்த நாற்றம். கறுப்புச் சேற்றுக்குழி ஒன்று, எல்க் புரண்ட மயிர் அதன் ஓரத்தில் ஒட்டியிருந்தது. சுற்றிலும் கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரங்கள். கீழே புல்வெளியில் அவை நின்றன. முப்பதுக்கு மேல் பெட்டைகள், குட்டிகள், நடுவில் ஒரு கொம்பன். நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே படம் எடுத்தேன். டுவேன் பிழைத்துவிட்டான், பிழைத்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன்.

பின்னால் கிளை முறிந்தது. கரடி மருந்தை உருவிக்கொண்டு திரும்பினேன். மரத்தில் கட்டியிருந்த தன் கேமராவைக் கழற்றிக்கொண்டு வெண்டல் நின்றான்.

"அடிச்சிராத தாயே, நான்தான்," என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. "நீ எப்படி இங்க வந்த?"

"அவன் எடத்த வலதுக்கு இடதா மாத்திக் காட்டிட்டான், நானா கண்டுபிடிச்சேன். நீ எப்படி வந்த? மோப்பம் பிடிச்சு வந்தியா, திருட்டுப் பயலே? அவன் படுத்துக் கெடக்கான்னு தெரிஞ்சதும் கெளம்பிட்டியா?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "அவன்தான் குடுத்தான், மார்லிஸ்."

"எப்போ?"

"விடேன்."

"எப்போன்னு கேட்டேன்."

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம். நீ மருந்து வாங்கப் போயிருந்த. மலைப் படத்த மடியில விரிச்சான். இந்த எடத்துல விரல வெச்சான், அப்புறம் அதே விரல என் நெஞ்சுல வெச்சான். அவ்வளவுதான்."

நான் வரைபடத்தை விரித்தது அதற்குப் பிறகு.

"அவனுக்குத்தான் வலது பக்கம் தெரியாதே," என்றேன். அது முட்டாள்தனம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"தலைய திருப்பினா தெரியும். தெரிஞ்சுதான் பாத்தான்."

"அப்ப எனக்கு எதுக்கு அந்தச் செத்த ஓடை?"

வெண்டல் தொப்பியைப் பிசைந்தான். "அங்க போன் எடுக்கும். ரோடு பக்கம். கால் பிசகினாக்கூட யாராவது வருவாங்க. நானே கேட்டேன், பாவம்டா அவ, நெசத்த காட்டுடான்னு. 'இல்ல'ன்னுட்டான். நீ வீட்டுக்குள்ளயே கெடந்து அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்துத் தேஞ்சு போறேன்னு அவனுக்கு இருந்திருக்கும். எனக்கு அப்படித்தான் தோணுது."

கீழே ஒரு குட்டி தாயைத் தேடிக் கத்தியது. ஈஸ்டர் முடிந்த வாரமே இனி மலை இல்லை என்று அவன் முடித்துக்கொண்டுவிட்டான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. முட்டை தின்றது, கதவோரம் காத்திருந்தது, பசுவைப் பார்த்துச் சிரித்தது எல்லாமே அதற்கு அப்புறம் நடந்தவை.

"நீயே வெச்சுக்க இந்த எடத்த," என்றான் வெண்டல். "அடுத்த சனிக்கிழமை நீ வா, நான் வரல. சத்தியமா."

"இங்கேர்ந்து ஒண்ண அடிச்சுக் கொண்டுபோனா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிராதா?"

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். முகடு வரை என் பையைத் தூக்கி வந்தான், அங்கே வாங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். சேற்றுக்குழியை, மரங்களை, கடைசியாகக் கொம்பனை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டுவேன் கையை நீட்டினான். போன வாரத்துப் படம் ஒன்றைக் காட்டினேன்.

"ஒண்ணுமில்லடா. அதே வெள்ளமூஞ்சிதான்."

சிரித்தான். பத்து வாரமாகக் கேட்ட அதே சிரிப்புதான். இதுவரை நான் வாயைத்தான் பார்த்திருந்தேன். இன்று கண்ணைப் பார்த்தேன், அங்கே சிரிப்பு இல்லை. என் முகம் எப்படி இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டை அவன் முன்னால் வைத்தேன். உருளைக்கிழங்கும் கோழியும். அவன் உதட்டைக் கோணி, கழுத்து நரம்பு புடைக்க முயன்றான். "அடுத்த," என்றான். நின்றான். "அடுத்த. வாரம்."

மார்ச்சிலிருந்து அவன் சொன்ன முதல் புதிய வார்த்தைகள். எத்தனை நாள் பழகி வைத்திருந்தானோ.

"போறேன்டா," என்றேன். "போகாம எங்க போறேன்."

அவன் முள்கரண்டியை எடுத்து, நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டான்.