மேசைக்கு அடியில் ரொட்டித் துண்டு

தபால்காரரின் தாடையில் நுரை பூசும்போதே சலூன்காரர் தன் வழக்கமான வசனத்தை ஆரம்பித்துவிடுவார். "தரை ஆடும், கட்டடம் ஆடும், நம்ம கை ஆடாது." அந்த ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நிலம் நடுங்கும். விளக்கு ஊசலாடும், பவுடர் டப்பாக்கள் ஒன்றோடொன்று முட்டும். சலூன்காரர் கன்னத்திலிருந்து கத்தியை எடுக்காமலே சவரத்தை முடிப்பார். அதைப் பார்ப்பதற்கென்றே தலையில் முடி இல்லாதவர்கள்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவருடைய இன்னொரு பெருமை, சுவர் நீளத்துக்கு இருந்த ஒன்பதடிக் கண்ணாடி. நான்கே ஆணிகளில் தொங்கியது. இரண்டாவது நாற்காலியில் வேலை பார்த்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு நாள் எட்டு இரும்புக் கிளாம்புகளோடு வந்தான்.

"மாமா, இதப் போட்டுக் கண்ணாடியச் சுவரோட முடுக்கிடலாம். பெருசா ஒண்ணு வந்தா கண்ணாடி நம்ம தலையிலதான் விழும்."

"கண்ணாடி ஓரத்துல இரும்பு துருத்திக்கிட்டு இருந்தா, மூஞ்சி பார்க்க வர்றவனுக்கு ஜெயில்ல இருக்கிற மாதிரி தோணும். தூக்கி உள்ள வை மாப்ள."

கிளாம்புகள் பழைய சீப்புகளோடு இழுப்பறையில் போய்ச் சேர்ந்தன.

அடுத்த நடுக்கத்தின்போது தபால்காரர் மச்சினனின் நாற்காலியில் இருந்தார். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் நுரை. தரை குலுங்கியதும் மச்சினன் கத்தியை மடக்கினான். "சார், கீழ வாங்க" என்று அவர் தோளைத் தொட்டான். அவர் அசையவில்லை. பின்சுவரை ஒட்டி, டவல் மடித்து வைக்கும் கனத்த மர மேசை ஒன்று இருந்தது. மச்சினன் அதன் அடியில் புகுந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டான். குனி, மேசைக்கு அடியில் போ, கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று பள்ளிக்கூடத்தில் கற்றதை அவன் மகள் வீட்டில் பத்துத் தடவை செய்து காட்டியிருந்தாள். நடுக்கம் பத்து விநாடியில் நின்றது. சிரிப்பு நிற்கவில்லை.

"என் பாதி மூஞ்சிய அம்போன்னு விட்டுட்டு எலி வளைக்குள்ள போயிடுச்சுப்பா" என்றார் தபால்காரர்.

அன்றிலிருந்து அவன் பெயர் எலி. கடைக் கதவைத் திறக்கும்போதே "கீச்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். சலூன்காரர் ஒரு படி மேலே போனார். தினமும் காலையில் தேநீருக்கு வாங்கும் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, எல்லாரும் பார்க்க மேசைக்கு அடியில் வைப்பார். "எங்க மாப்ளைக்குப் பசிக்கும்ல." முதலில் மச்சினனும் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

வீட்டில் சலூன்காரரின் மனைவி கேட்டாள். "தெருவுல தம்பி மகளப் பார்த்தே கீச்சுன்னு கத்துறாங்களாம். இது உங்களுக்கு நல்லாயிருக்கா?"

"விளையாட்டுக்குச் சொல்றதுடி. இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க?"

பெரிய நடுக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு வந்தது. சலூன்காரரின் கத்தி தபால்காரரின் காதுக்குக் கீழே இருந்தது. மச்சினன் ஒரு லாரி டிரைவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தான். முதலில் தெருவுக்கு அடியில் பாறையை இழுத்துப் போவது போல ஒரு சத்தம். பிறகு தரை ஒரு பக்கமாக இழுத்தது. மச்சினன் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பாய்ந்தான். முழங்கால் மடங்கிவிட்டது. கை மேசை விளிம்பைத் தொட்டுவிட்டது.

"கீச்" என்றார் தபால்காரர், நுரைக்குள்ளிருந்து.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. சலூன்காரரும் சிரித்தார். மச்சினன் அவரை ஒரு பார்வை பார்த்தான். மேசையிலிருந்து கையை எடுத்தான். நிமிர்ந்து, நாற்காலிக்குத் திரும்பி வந்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தான்.

அடுத்த உதை தரையைத் தூக்கிப் போட்டது. ஆடாத கை ஆடிற்று. கத்தி தபால்காரரின் காதிலிருந்து தாடை வரை கிழித்துக்கொண்டு போனது. பெஞ்சு ஆட்களோடு கவிழ்ந்தது. ஜன்னல் உள்பக்கமாக வெடித்தது. ஒன்பதடிக் கண்ணாடி ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. தன் முகமே தன் மேல் விழ வருவதைச் சலூன்காரர் அதில் பார்த்தார். டிரைவர் நாற்காலியோடு உருண்டு தப்பினார். மச்சினன் தன் தலைக்கு மேல் வலது கையைத் தூக்கினான். கண்ணாடி அந்தக் கையின் மேல் உடைந்தது.

மணிக்கட்டுக்கு மேலே சதை பிளந்து எலும்பு தெரிந்தது. சலூன்காரர் அவனை அக்குளில் கை கொடுத்து, கண்ணாடித் துண்டுகளின் மேலேயே இழுத்துக்கொண்டு போனார். தன் முழங்கால் கிழிவது அவருக்குத் தெரியவில்லை. இருவரும் மேசைக்கு அடியில் புகுந்த நொடியில் கூரையின் காரை பாளம்பாளமாக மேலே விழுந்தது. மேசை தாங்கியது. அவர் ஒரு டவலால் கையை இறுக்கிக் கட்டினார்.

"மாப்ள, கண்ணைத் திற. என்னைப் பாரு."

மச்சினனின் கன்னம் தரையில் கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அன்று காலையில் சலூன்காரர் வைத்த ரொட்டித் துண்டு. ரத்தம் அதுவரைக்கும் ஓடி, அதை ஊற வைத்துக்கொண்டிருந்தது.

"முன்னாடியே இங்க வந்திருப்பேன் மாமா" என்றான் அவன். "நீங்க சிரிச்சீங்க."

உயிர் தப்பியது. ஆனால் வலது கையின் மூன்று விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சலூன்காரருக்குப் பக்கத்தில் உட்கார இடமிருந்தும், அவர் மனைவி விடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் சலூன்காரர் இழுப்பறையைத் திறந்து கிளாம்புகளை வெளியே எடுத்தார். சின்னதாக இரண்டு கண்ணாடிகள் வாங்கி, எட்டுக் கிளாம்புகளையும் போட்டுச் சுவரோடு முடுக்கினார். மேல்தட்டில் இருந்த பாட்டில்கள் கீழ்த்தட்டுக்கு வந்தன. மேசைக்குப் போகும் வழியை மறிக்காதபடி பெஞ்சு நகர்ந்தது. மச்சினன் இப்போது வருகிறவர்களை வரிசைப்படி உட்கார வைக்கிறான். இடது கையால் வெட்டப் பழகுகிறான்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் விளக்கு மறுபடி ஆடியது. "எல்லாரும் உள்ள வாங்க" என்று மச்சினன் குரல் கொடுத்தான். சலூன்காரர் கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்தார். கன்னத்துத் தழும்போடு தபால்காரர் அவருக்கு முன்பே மேசைக்கு அடியில் இருந்தார். நாற்காலியில் இருந்த எலக்ட்ரீஷியன் ஊருக்குப் புதுசு. அவன் சிரித்தான்.

"என்னங்க, இத்தனூண்டு ஆட்டத்துக்குப் போய் எலி மாதிரி ஓடுறீங்க?"

சலூன்காரர் அவன் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினார்.

"ஆட்டம் சின்னதா பெருசான்னு அது முடிஞ்சப்புறம்தான் தெரியும் தம்பி. இவன் கைய பூகம்பம் எடுத்துச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. எடுத்தது என் சிரிப்பு. பூகம்பத்த யாராலயும் நிறுத்த முடியாது. உயிருக்குப் பயந்து குனியுறவனப் பார்த்துச் சிரிக்கிறத இன்னைக்கே நிறுத்தலாம்."

மச்சினன் இடது கையால் மேசைக் காலைப் பிடித்திருந்தான். "பேச்ச அப்புறம் வச்சுக்கலாம் மாமா" என்றான். "முதல்ல மேசையப் பிடிங்க."